துடிப்பா, தெறிப்பா? – ஒரு சொல்லைத் தமிழாக்கிய அனுபவம்

(இளங்கலை ஆங்கில இலக்கியம், மூன்றாம் ஆண்டு மாணவி)

முன்னுரை

மொழிபெயர்ப்பு என்பது அகராதியைப் புரட்டி, ஒரு சொல்லுக்கு எதிரே நிற்கும் மற்றொரு சொல்லை எடுத்து வைக்கும் வேலை என்றே இரண்டாம் ஆண்டு வரை நான் எண்ணியிருந்தேன். தேர்விலும் அவ்வாறே எழுதி நல்ல மதிப்பெண் பெற்றேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் கற்பித்தது வகுப்பறை அன்று. என் தந்தையாரின் ஆட்காட்டி விரல்.

ஆங்கிலத்தில் 'த்ராபிங்' என்று ஒரு சொல் உண்டு. விட்டுவிட்டு, ஒரு சீராக, அடித்து அடித்து எழும் உணர்வை அது குறிக்கும். நமக்கு நன்கு தெரிந்த சொல்தான். ஆனால் அதைத் தமிழில் சொல்ல முயன்றபோது நான் ஒரு பிழை செய்தேன். அப்பிழை எங்கள் வீட்டுத் தறியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. அப்பிழையையும் அதன் பின் நான் தேடிக் கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், வரதராசப் பெருமாள் கோயிலுக்கு அருகே ஒரு நெசவாளர் தெருவில் இருக்கிறது. என் தந்தையார் குழித்தறியில் பட்டு நெய்பவர். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்யும் சேலைதான் எங்கள் தறியில் பெரும்பாலும் ஓடும். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட ஓர் ஆளும் வேண்டும். விடுமுறை நாள்களில் அந்த ஆள் நான்.

சென்ற ஆண்டு அவருக்கு வலக்கை ஆட்காட்டி விரலில் நகச்சுத்தி வந்தது. அறுந்த பட்டிழையைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்துதான் முடிய வேண்டும். அந்த விரல் இல்லாமல் நெசவு இல்லை. வழக்கப்படி எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகி வைத்தார். இரண்டு நாளாகியும் வலி குறையாததால் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அன்று பணியில் இருந்த மருத்துவர் வேறு மாநிலத்தவர், தமிழ் அறியாதவர். 'இங்கிலீசு படிக்கிற பொண்ணு' என்ற பெருமையோடு என் தந்தையார் என்னை முன்னே நிறுத்தினார்.

மருத்துவர் விரலைப் பார்த்துவிட்டு, வலி 'த்ராபிங்' வகையைச் சேர்ந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சிறிதும் தயங்காமல் திரும்பி, "துடிக்குதாப்பா?" என்றேன்.

"துடிக்கிறதுக்கு நான் என்னா சின்னப் பிள்ளையா? அதெல்லாம் இல்லம்மா. வலிக்குது, அவ்வளவுதான்" என்றார்.

நான் மருத்துவரிடம் 'இல்லை' என்று சொன்னேன். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்.

அன்றிரவும் மறுநாள் இரவும் அவர் உறங்கவில்லை. கையை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் விடியற்காலையில், "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா. பலகை அடிக்கிற மாதிரி, விட்டு விட்டு" என்றார். அச்சுப் பலகையை நெஞ்சுக்கு நேரே இழுத்து ஊடையை அடித்துச் சேர்க்கும் அசைவை இடக்கையால் செய்தும் காட்டினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருத்துவர் கேட்டது இதைத்தான். அவர் கேட்டது ஒன்று. நான் கேட்டது மற்றொன்று. அன்றே மீண்டும் சென்றோம். விரல் நுனியைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் நுனி எலும்பையே தாக்கியிருக்கலாம் என்றார் மருத்துவர். விரல் பிழைத்தது. ஆயினும் புண் ஆறும் வரை, பாதியில் நின்ற சேலை படமரத்திலேயே சுற்றிக் கிடந்தது.

'துடிப்பு' என்ற சொல்லின் இயல்பு

நான் சொன்ன சொல் தவறான சொல்லா? அகராதியைப் பார்த்தால் இல்லை. துடித்தல் என்பதற்கு நாடி அடித்தல், உறுப்புகள் மெல்ல அசைதல் ஆகிய பொருள்கள் உண்டு. 'துடி' என்பது இடை சிறுத்த ஒரு தோற்கருவியின் பெயருமாகும். பாலை நிலத்துப் பறையாக இலக்கணங்கள் அதனைக் கூறும். சிலப்பதிகாரத்தில் இந்திர விழவு முடியும் இடத்தில் கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் துடித்ததாக இளங்கோவடிகள் பாடுகிறார். இன்றும் கண் துடித்தால் நல்லதா கெட்டதா என்று பார்ப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி துடிக்கிறது. கோபத்தில் உதடு துடிக்கிறது. கரையில் போட்ட மீன் துடிக்கிறது.

இவற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். துடிப்பு பெரும்பாலும் பிறர் கண்ணுக்குத் தெரியும் அசைவு. உச்சிக்குழி துடிப்பதைத் தாய் பார்க்கிறாள், குழந்தை அறியாது. அடுத்து, மனிதர் முழுமையையும் எழுவாயாக்கி, 'அவர் துடித்தார்' என்றால் பொருளே மாறிவிடுகிறது. வலி தாங்காமல் புரண்டார், பதறினார் என்று ஆகிறது. 'துடிக்குதா?' என்று நான் கேட்டபோது விரலை எண்ணிக் கேட்டேன். என் தந்தையாரோ தம்மை எண்ணி விடை சொன்னார். நாற்பது ஆண்டுகள் தறிக்குழியில் கால் வைத்தவர், தம் மகள் முன்னால், 'ஆமாம், துடிக்கிறேன்' என்று எப்படிச் சொல்வார்? அகராதி தராத மானம் என்ற பொருளும் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது.

'விண்விண்' என்ற சொல்லின் இயல்பு

அடுத்து, அவர் சொன்ன சொல்லை ஆராய்வோம். உரிச்சொல்லைப் பற்றிக் கூறும்போது, அது இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றின் வழியாகத் தோன்றும் என்கிறார் தொல்காப்பியர். இசை என்றால் ஓசை. குறிப்பு என்றால் மனத்தால் உணர்வது. பண்பு என்றால் பொருளின் தன்மை. 'விண்' என்பதில் இம்மூன்றையும் காணலாம்.

இறுகக் கட்டிய நரம்பைச் சுண்டினால் விண்ணென்று ஒலிக்கிறது, இது ஓசை. தேள் கொட்டியதும் விண்ணென்று வலிக்கிறது, இது உணர்வு. முறுக்கேறிய கயிறும் வீங்கிய கட்டியும் விண்ணென்று இருக்கின்றன. இது இறுக்கம் என்னும் தன்மை. தறியில் பாவு விண்ணென்று நிற்க வேண்டும், தொய்ந்தால் துணி கெடும் என்பது நெசவாளர் வீட்டில் குழந்தையும் அறிந்த செய்தி.

இச்சொல்லை இரட்டைக்கிளவி என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரட்டைக்கிளவி பிரிந்தால் பொருள் தராது என்பது இலக்கணம். 'சலசல' என்பதில் ஒரு 'சல' தனியே நிற்பதில்லை. 'விண்' தனித்தும் நிற்கிறது. 'விண்ணென்று வலித்தது' என்றால் ஒரு முறை. 'விண்விண்ணென்று வலிக்கிறது' என்றால் மீண்டும் மீண்டும். எனவே இது ஒலிக்குறிப்புச் சொல்லின் அடுக்கு என்பதே பொருந்தும். அடுக்கியதால் வந்த பொருள், விட்டுவிட்டு எழுதல்.

மருத்துவ நூல் கூறுவதையும் இதனோடு ஒப்பிடலாம். விரல் நுனியின் சதை, மெல்லிய நார்த் தடுப்புகளால் சிறுசிறு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அங்கே சீழ் கோத்தால் அது பரவ இடமில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கையைத் தொங்கவிட்டால் வலி கூடும். தூக்கிப் பிடித்தால் சற்றுக் குறையும். உறக்கம் வராதபடி விட்டுவிட்டு அடிக்கும் வலி, சீழ் கட்டியிருப்பதற்கு ஓர் அறிகுறி. இறுக்கம், விட்டுவிட்டு எழுதல் ஆகிய இரண்டையும் 'விண்விண்' என்ற ஒரு சொல் தாங்கி நிற்கிறது. ஏட்டுப் படிப்பு இல்லாத என் தந்தையார் தம் நோயின் இலக்கணத்தைச் சரியாகவே சொன்னார். கேட்கத் தெரியாதவள் நான்தான்.

பிற வழக்குகள்

இதன் பிறகு எங்கள் தெருவில் பலரிடம், எந்த வலியை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டக்கூடிய இடங்களில் தமிழ் வெவ்வேறு வினைகளை ஆள்கிறது. புண் தெறிக்கிறது. நெற்றிப் பொட்டும் தெறிக்கிறது. தலை முழுவதும் என்றால் இடிக்கிறது. 'மண்டையிடி' என்றே அதற்குப் பெயர். நெஞ்சு அச்சத்தில் திக்திக்கென்று அடித்துக்கொள்கிறது, களைப்பில் படபடக்கிறது. பறையும் எந்திரமும் அதிர்கின்றன. அதிர்வு, விதிர்ப்பு இரண்டும் நடுக்கத்தைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதால், இந்த நுட்பம் இன்று நேற்று வந்ததன்று.

நாடியைப் பற்றிச் சித்த மருத்துவம் சொல்வது இன்னும் சுவையானது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து ஆட்காட்டி விரலில் வாதமும், நடுவிரலில் பித்தமும், மோதிர விரலில் ஐயமும் பார்ப்பார்கள். அங்கே நாடி துடிப்பதாக மட்டும் சொல்வதில்லை, நடப்பதாகச் சொல்கிறார்கள். வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்த நாடி ஆமை, அட்டை போல ஊரும். ஐய நாடி தவளை, பாம்பு போலச் செல்லும் என்பது மரபு. கடிகாரத்தை வைத்து எண்ணும் மருத்துவத்துக்கு எத்தனை முறை என்பது முதற்கேள்வி. இவர்களுக்கு எந்த நடை என்பதே முதற்கேள்வி. 'பல்ஸ்' என்பதை நாடித்துடிப்பு என்று பெயர்த்தவுடன் நடை போய் எண்ணிக்கை வந்துவிடுகிறது. அதில் பிழை ஏதும் இல்லை. எது போகிறது, எது வருகிறது என்பதை நாம் அறிந்திருந்தால் போதும்.

இத்தாலியர் கண்ட வழி

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதா? கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு மெல்சாக் என்ற உளவியல் பேராசிரியர், 1975 ஆம் ஆண்டு வலியை அளக்கும் வினாநிரல் ஒன்றை வெளியிட்டார். வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி, தமக்குப் பொருந்தும் சொல்லை நோயாளியே தெரிவு செய்யுமாறு அமைத்தார். அதன் முதல் தொகுதியில் 'ஃபிளிக்கரிங்', 'குவிவரிங்', 'பல்சிங்', 'த்ராபிங்', 'பீட்டிங்', 'பவுண்டிங்' என்று ஆறு சொற்கள். ஆறும் காலத்தோடு விட்டுவிட்டு எழும் வலிகள். மெல்லிய நடுக்கத்தில் தொடங்கி இடியில் முடிகின்றன. 1987 இல் அவர் வெளியிட்ட சுருக்கப் பதிப்பில் 15 சொற்களே உள்ளன. அவற்றுள் முதலில் நிற்பது 'த்ராபிங்'.

இவ்வினாநிரல் பல மொழிகளுக்குச் சென்றது. இத்தாலிய மொழியில் இச்சொல்லுக்கு நேராகப் 'புல்சாந்தே' என்பார்கள். அதே சொல் அவர்கள் நாட்டில் மின்விசைப் பொத்தானுக்கும் பெயர். 'போல்சோ' என்றால் நாடி. மணிக்கட்டுக்கும் அதுவே பெயர். நம் மொழியிலும் நாடி என்பது மோவாய்க்கும் பெயராக இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். நெஞ்சு அடித்துக்கொண்டால் 'பல்பிதாரே' என்ற வினை வரும். வலி கடுமையானால் 'மார்தெல்லாந்தே' என்பார்கள். சுத்தியல் கொண்டு அடிப்பது போன்றது என்று பொருள். அவர்களுக்குச் சுத்தியல், என் தந்தையாருக்கு அச்சுப் பலகை. வலிக்கு உவமை தேடும்போது மனிதன் எப்போதும் தன் கண்முன் உள்ள கருவியையே எடுக்கிறான் போலும்.

1988 ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் தம் மொழிக்கென வலி வினாநிரல் ஒன்றை வெளியிட்டனர். ஆங்கிலப் பட்டியலைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அவர்கள் அமையவில்லை. மெல்சாக்கின் முறையை எடுத்துக்கொண்டு, தம் மொழியில் வலிக்கு வழங்கும் சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றை வகைப்படுத்தி, புதிதாகவே கட்டினார்கள். முறை இரவல், சொல் சொந்தம். நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுவென்று கருதுகிறேன்.

இத்தாலியில் பிறந்து தமிழ் கற்று, 1732 இல் சதுரகராதி தொகுத்த வீரமாமுனிவரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. மருத்துவத் தமிழுக்கோ, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வழிகாட்டியாக நிற்கிறார். மானிப்பாயில் இருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் தந்தார். வழக்கில் சொல் கிடைத்த இடத்தில் அதனை எடுத்து 'இரண வைத்தியம்' என்றார். கிடைக்காத இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணக்கி 'கெமிஸ்தம்' என்றார்.

ஒரு புதிய ஆய்வு

'விண்விண்' போன்ற சொற்கள் பேச்சு வழக்கு, அவை அறிவியலுக்கு உதவா என்று சிலர் கருதலாம். விட்டுவிட்டு அடிக்கும் வலி, இதயம் அடிக்கும் போதெல்லாம் குருதிக்குழாய் விம்முவதால் வருகிறது என்றே நெடுங்காலம் நம்பி வந்தனர். 'நாடித்துடிப்பு போன்ற வலி' என்று பெயர்த்தால் அந்த நம்பிக்கையும் சொல்லோடு சேர்ந்து வந்துவிடும். 2012 ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்வலியுள்ளவர்களை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டனர். நாடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 73 முறை அடிக்க, வலி ஏறத்தாழ 44 முறையே அடித்தது. இரண்டும் இணைந்து செல்லவில்லை. ஆகவே வலியின் தாளத்தை இதயத்தின் தாளமென்று கொள்வதற்கில்லை.

'விண்விண்' என்ற சொல் இந்த வம்புக்கே போகவில்லை. எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல், எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. காரணத்தை ஆராய்வது மருத்துவர் பணி. உணர்வைச் சொல்வது நோயாளி பணி. இரண்டையும் கலக்காத சொல்லே நோயாளியின் வாய்க்கு ஏற்ற சொல்.

பாடநூலின் நிலை வேறு. அங்கே ஒரு கருத்துக்கு ஒரு கலைச்சொல் என்ற கட்டுப்பாடு வேண்டும். 1967 இல் ஜோசலின் பெல் கண்ட, 1.33 நொடிக்கு ஒரு முறை வானொலி அலை வீசும் விண்மீனைத் 'துடிப்பு விண்மீன்' என்று நாம் அழைக்கிறோம். அது உண்மையில் துடிப்பதன்று, சுழல்வது. ஆயினும் எல்லாரும் ஒப்பி ஆள்வதால் அச்சொல் நின்றுவிட்டது. விண்மீன் நமக்கு விடை சொல்லப் போவதில்லை. சொல்லால் அதற்கு மானக்கேடும் இல்லை. மனிதரிடம் கேட்கும் கேள்வி அத்தகையது அன்று.

நான் கற்றுக்கொண்ட முறை

இவற்றிலிருந்து மூன்று விதிகளை எனக்கென வகுத்துக்கொண்டேன்.

ஒன்று: அசைவது எது என்று பார்த்தல். உறுப்பா, மனிதரா, கருவியா என்று தெளிந்த பின்னரே வினைச்சொல்லைத் தேட வேண்டும்.

இரண்டு: சொல்லைப் பெயர்த்த பின், அதனை மற்றொருவரிடம் கொடுத்து மீண்டும் மூலமொழிக்குப் பெயர்க்கச் செய்தல். 'துடிக்குதா?' என்பதை என் தோழியிடம் கொடுத்தேன். அவள் ஆங்கிலத்தில் எழுதியது, 'வேதனையில் புரள்கிறாயா?' என்ற பொருள்பட இருந்தது. 'விண்விண்ணென்று தெறிக்கிறதா?' என்பதைக் கொடுத்தேன். 'த்ராபிங்' என்று உடனே எழுதினாள்.

மூன்று: இதுவே தலையாயது. கேள்வியை மட்டும் பெயர்க்காமல், விடையைப் பெயர்த்தல். 'ஆம், இல்லை' என்று சொல்ல வைக்கும் கேள்வி, நம் சொல்லை அவர் வாயில் திணிக்கிறது. "எப்படி வலிக்குது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே மறுமொழியில் கொண்டு சேர்த்தால் பிழை குறையும்.

முடிவுரை

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்தவர்கள். மருத்துவமனை, வங்கி, வழக்குமன்றம் என எங்குச் சென்றாலும் பெற்றோர் நம்மைத்தான் முன்னே நிறுத்துகிறார்கள். பட்டம் பெறுவதற்கு முன்பே நாம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆகிவிடுகிறோம். அந்தப் பணியில் நம்முடைய ஆங்கிலத்தை விட, நம் வீட்டுத் தமிழே முதலில் சோதிக்கப்படுகிறது. தறிமேட்டிலும் திண்ணையிலும் கழனியிலும் வழங்கும் சொற்களைக் கொச்சை என்று ஒதுக்காமல் குறித்து வைத்துக்கொள்வோம். யாருக்கு எந்நாளில் உதவும் என்று சொல்ல முடியாது.

என் தந்தையார் இப்போது மீண்டும் நெய்கிறார். அன்று பாதியில் நின்ற சேலையும் முடிந்து போயிற்று. விரல் நுனியில் மட்டும் சிறு தழும்பு இருக்கிறது. இழை முடியும்போது அவ்விடத்தில் உணர்ச்சி சற்றுக் குறைவு என்கிறார். அவர் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் கரை நாடாவைப் போட அருகில் உட்காரும்போதெல்லாம் என் கண் அந்த விரலுக்குத்தான் போகிறது.